நகரத்தின் பின்வாசலைப் படமெடுக்கக் கிளம்புவதற்கு முன்

"நகரத்தோட இன்னொரு முகத்தைக் காட்டப் போறேன்" என்று ஆவணப்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் முதல் வாரம் எடுத்துக்கொண்டு வரும் காட்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். மழையில் நனைந்த ரோட்டில் சிவப்பு விளக்கு மின்னும், யாரோ ஒருவர் புகை விடுவது ஸ்லோ மோஷனில் வரும், நடைபாதையில் சுருண்டு படுத்திருப்பவரின் காலில் ஆரம்பித்து முகம் வரைக்கும் கேமரா ஊர்ந்து போகும், பின்னணியில் டம் டம் என்று நெஞ்சு அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல முடியாது. அந்த மனிதர் யார் என்று கேட்டால் அதுவும் தெரியாது. நானும் இப்படி எடுத்தவன்தான், அந்தக் கூச்சத்தில்தான் இதை எழுதுகிறேன் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த பக்கம் என்கிறோமே, அது நம் கண்ணுக்குத்தான் மறைந்திருக்கிறது. அங்கே இருப்பவருக்கு அது தினப்படி பிழைப்பு, போன மாதமும் அதுதான், நாளைக்கும் அதுதான். அந்தத் தினப்படி உங்கள் படத்துக்குள் வந்துவிட்டால் இருட்டு, அழுக்கு, பயம் எதையும் நீங்கள் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. இனி நான் சொல்லப்போகிற வேலை எல்லாமே அதற்காகத்தான்.

எதைப் படமெடுப்பது

"நகரத்தின் ஏழ்மை", "இரவு உலகம்", "போதை" இதெல்லாம் தலைப்பே இல்லை. ஒரு ஆள், ஒரு இடம், ஒரு நேரம், இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருகிற மாதிரி சொல்ல முடிந்தால்தான் உங்களிடம் படம் இருக்கிறது. குப்பை வண்டி நம் தெருவைத் தாண்டிய பிறகு எங்கே போகிறது, அங்கே யார் அதைப் பிரிக்கிறார்கள், பிரித்ததை யார் எடை போட்டு வாங்குகிறார்கள்? பகல் ஷிப்ட் ஆளும் இரவு ஷிப்ட் ஆளும் ஒரே கட்டிலை மாற்றி மாற்றி வாடகைக்கு எடுத்துத் தூங்குவார்களே, அந்தக் கட்டில் ஆறிப்போவதே இல்லை, அந்த அறையில் ஒரு முழு நாள் எப்படி இருக்கும்? பிணவறையில் வேலை பார்ப்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் என்ன செய்வார்? டெலிவரி பையன்கள் இரண்டு ஆர்டருக்கு நடுவே எங்கே உட்காருகிறார்கள், எங்கே ஒன்றுக்குப் போகிறார்கள்? பெண்ணாக இருந்தால்?

இந்தக் கடைசிக் கேள்வி மாதிரி சின்னதாக, கொஞ்சம் சங்கடமாக இருப்பதுதான் நல்ல கேள்வி. பெரிய கேள்விக்கு எல்லோரும் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள், உங்களுக்கு அந்தப் பதில்தான் கிடைக்கும்.

இன்னொன்று, தேர்ந்தெடுக்கும்போதே பணம் போகும் வழியைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கடை ஓரக் குடிசைக்கும் வாடகை வாங்க ஒருவர் இருப்பார், கழிவு அள்ளும் வேலைக்கு ஒரு காண்டிராக்டர் இருப்பார். படம் முழுக்கக் கீழே இருப்பவரின் முகத்தையே காட்டிவிட்டு மேலே இருப்பவரின் வாசற்கதவைக்கூடக் காட்டாமல் முடித்தால், பார்ப்பவர் அந்த ஏழ்மை மழை மாதிரி வானத்தில் இருந்து விழுந்தது என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

கேமரா இல்லாமல் பத்து நாள்

பத்து நாள் என்பது கணக்கு இல்லை, இரண்டு மாதமும் ஆகலாம். முதலில் வெறுங்கையோடு போங்கள். சும்மா நிற்பதற்குக் கூச்சமாக இருக்கும், இருக்கட்டும். எந்த நேரத்தில் யார் வருகிறார்கள், எது எங்கே வைக்கப்படுகிறது, யாரைக் கண்டால் யார் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருங்கள், வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் பாதி உங்கள் கற்பனையாக இருக்கும்.

எல்லா இடத்துக்கும் ஒரு அண்ணன் இருப்பார். அவர் சொல்லாமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அவரிடம் பொய் சொல்லாதீர்கள், காலேஜ் புராஜெக்ட் என்றெல்லாம் கதை விட்டால் என்றைக்காவது வெளியே வரும், வரும்போது உங்களை விட்டுவிடுவார்கள், உங்களிடம் பேசியவரைத்தான் பிடிப்பார்கள். அதே சமயம் அவருடைய விருந்தாளியாகவே முழுக்க இருந்துவிடவும் கூடாது, அவர் பக்கத்தில் நிற்கும்போது எல்லோரும் அவருக்குப் பிடித்ததைத்தான் சொல்வார்கள். அவர் இல்லாத நேரத்தில், வேறு வழியாக, வேறு யாரோ ஒரு அக்காவின் அறிமுகத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். இடமே வேறு மாதிரி தெரியும்.

நியூயார்க்கில் ரயில் சுரங்கத்துக்குள் குடியிருந்த வீடற்றவர்களைப் பற்றி மார்க் சிங்கர் எடுத்த 'டார்க் டேஸ்' 2000ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முன் அவர் படமே எடுத்ததில்லை. சுரங்கத்தில் அவர்களோடேயே தங்கினார், அங்கே இருந்தவர்கள்தான் லைட் பிடித்தார்கள், கேமரா நகர்த்த வண்டி செய்தார்கள், யூனிட் என்று தனியாக யாரும் வெளியில் இருந்து வரவில்லை. கறுப்பு வெள்ளை 16 எம்எம் பிலிம். அந்தப் படத்தில் மனிதர்கள் கேமராவைப் பார்த்து மிரளாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்: அந்தக் கேமரா பாதி அவர்களுடையது.

சம்மதம்

இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு காகிதத்தை நீட்டி "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால் போட்டுவிடுவார்கள், அல்லது பயந்து ஓடிவிடுவார்கள், இரண்டுமே சம்மதம் இல்லை. நான் மூன்று தடவை கேட்பேன். எடுக்கும் முன் ஒரு தடவை, எடுத்து முடித்ததும் "இதில எதையாவது நீக்கிடணுமா" என்று ஒரு தடவை, எடிட் முடிந்து காட்டிய பிறகு ஒரு தடவை. காகிதத்துக்குப் பதில் அவர்கள் வாயாலேயே சொல்வதைப் பதிவு செய்து வைத்துக்கொள்வது எல்லோருக்கும் சுலபம். ஏதாவது விழாவுக்கோ சேனலுக்கோ அனுப்பும்போது காகிதம் கேட்பார்கள், அதைப் பின்னால் விளக்கிச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

கேட்கும் விதமும் முக்கியம். "இணையத்தில் போடலாமா" என்றால் சரி என்று விடுவார்கள், அந்தக் கேள்வியில் ஒரு முகமும் இல்லை. "உங்க வீட்டு ஓனர் இதைப் பார்ப்பார், உங்க முதலாளி பார்ப்பார், மகளுக்கு வரன் பார்க்கிற இடத்தில யாராவது போன்ல வச்சுக் காட்டுவாங்க, பரவாயில்லையா?" என்று கேளுங்கள். அப்போதுதான் நிஜமாக யோசிப்பார்கள். பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். அதை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். குழந்தைகள், போதையில் இருப்பவர்கள், தூங்குகிறவர்கள், இவர்களுக்குச் சம்மதம் என்ற பேச்சே கிடையாது, எடுக்காதீர்கள். தூங்குகிறவரை எடுப்பது கஷ்டமே இல்லாத ஷாட், அதனால்தான் எல்லோரும் எடுக்கிறார்கள்.

ஒரு முறை ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்த ஒருவரின் முகத்தை மங்கலாக்கிப் போட்டேன். நான் ஏதோ பெரிய பாதுகாப்பு கொடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். குரல் அப்படியே இருந்தது, கையில் கட்டியிருந்த கயிறு இருந்தது, பின்னால் அந்த நீலக் கதவு இருந்தது. அவருக்கு வேலை போயிற்று. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, போனை எடுக்காமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்தக் காணொளியை அன்றைக்கே நீக்கிவிட்டேன், அதனால் அவருக்கு என்ன லாபம்.

அதற்கப்புறம் கற்றுக்கொண்டது இது. மறைக்க வேண்டிய ஆளை மறைத்தே எடுக்க வேண்டும், எடிட்டில் மறைத்துக்கொள்ளலாம் என்று எடுக்கவே கூடாது. கைகளை எடுங்கள், முதுகுப் பக்கம் இருந்து எடுங்கள், சுவரில் நிழலை எடுங்கள். கட்டம் கட்டமாக மங்கலாக்குவதை நம்பாதீர்கள், ஆள் நகரும்போது ஒரே ஒரு ஃபிரேமில் மறைப்பு விலகினால் போதும், தவிர அப்படி மங்கலாக்கியதைத் திரும்பக் கணிக்கவும் வழிகள் இருக்கின்றன. வேறு வழியே இல்லையென்றால் முழுக் கறுப்பாக மூடுங்கள். குரலின் சுருதியை மட்டும் மாற்றினால் அதைத் திருப்பி மாற்றிவிடலாம், அதனால் அவர் சொன்னதை அப்படியே வேறொருவரைப் பேச வைத்து, பேசுவது வேறொருவர் என்று திரையிலேயே சொல்லிவிடுங்கள். பச்சை குத்தியது, செருப்பு, சட்டையில் இருக்கும் கம்பெனி பெயர், சுவர்க் காலண்டர், எல்லாவற்றையும் ஒரு முறை பாருங்கள். போனில் லொகேஷனை அணைத்துவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை உட்கார்ந்திருக்கும்.

கருவிகள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஷான் பேக்கரின் 'டேஞ்சரின்' 2015இல் வந்தது, ஐபோன் 5எஸ்ஸில் எடுத்தார்கள். ஆனால் எல்லோரும் சொல்ல மறந்துவிடும் பாதி என்னவென்றால், ஒலியை அவர்கள் போனில் எடுக்கவில்லை, அதற்கென்று இருக்கும் கருவிகளில் தனியாகப் பதிவு செய்தார்கள். படம் கொஞ்சம் மணல் மணலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு புரியவில்லை என்றால் ஒரு நிமிடத்தில் போய்விடுவார். கையில் இருக்கும் காசை மைக்கில் போடுங்கள்.

சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று, காற்று இரைச்சலுக்கு அதன் மேல் மாட்டும் பஞ்சுக் குல்லா ஒன்று, காதில் ஹெட்போன் கட்டாயம். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் பதிவு செய்யுங்கள், வீடியோவுக்கு அதுதான் வழக்கம். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யாமல் நகராதீர்கள், எடிட்டில் இரண்டு பேச்சை ஒட்டும்போது இடையில் காது விழுகிற பள்ளத்தை அதை வைத்துத்தான் நிரப்புவீர்கள். நகரத்தின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் காதுக்கு அதிகம் கேட்கும் இடம், பம்பு ஓடுவது, ஷட்டர் இறங்குவது, பக்கத்துச் சுவரில் யாரோ இருமுவது, இவற்றைத் தனித்தனியாகச் சேகரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் எடுக்கும்போது குழல் விளக்கும் எல்இடியும் பட்டை பட்டையாக ஓடுகிற தொல்லை வரும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாடு என்றால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் பூட்டுங்கள், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. மட்டமான எல்இடிகள் சில இதற்கும் அடங்காது, அந்த விளக்கை விட்டு நகர்வதுதான் வழி. எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமநிலை) ஆட்டோவில் விட்டால் லாரி ஒன்று கடந்து போனாலே முகம் நீலமாகி மஞ்சளாகித் திரும்பும், இரண்டையும் பூட்டுங்கள். இருட்டை இருட்டாகவே விடுங்கள்.

பெரிய லைட்டைக் கொண்டுபோய்ப் பாய்ச்சாதீர்கள். 1880களின் கடைசியில் நியூயார்க் குடியிருப்புகளை ஃபிளாஷ் பொடி கொளுத்திப் படமெடுத்த பத்திரிகையாளர் ஜேக்கப் ரீஸ், அந்தக் கருவியால் இரண்டு தடவை வீட்டுக்கும் ஒரு தடவை தனக்கே தீ வைத்துக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். அவருடைய புத்தகம் 1890இல் வந்து வீட்டு வசதிச் சட்டங்கள் மாற உதவியது உண்மைதான், அந்தப் படங்களில் சிலர் தூக்கத்தில் இருந்து திடுக்கிட்டு விழித்துப் பார்ப்பதும் உண்மைதான்.

ஒவ்வொரு இரவும் திரும்பியதும் இரண்டு டிஸ்க்கில் காப்பி, அதில் ஒன்று வேறு வீட்டில், அதன் பிறகுதான் தூக்கம்.

உயிரும் போலீசும்

பாதாளச் சாக்கடைக்குள், பழைய கிணற்றுக்குள், மூடிக்கிடந்த தொட்டிக்குள் இறங்காதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அளவு கூடினால் அந்த வாயு மூக்கையே மரத்துப்போகச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நீங்கள் நினைக்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்தே சாவார். ஒரு ஷாட்டுக்காக வேறு ஒருவரை "ஒரு தடவை இறங்கிக் காட்டுங்கண்ணே" என்று கேட்பது அதைவிடக் கேவலம்.

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், அந்த நேரம் தாண்டினால் அவர் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்து. தனியாகப் போக வேண்டாம். பொது இடத்தில் எடுப்பதற்கு உங்கள் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முன்கூட்டியே ஒரு வக்கீலிடம் கேட்டு வையுங்கள், நடுராத்திரியில் ரோட்டில் நின்று வாக்குவாதம் செய்து கற்றுக்கொள்கிற விஷயம் இல்லை அது.

அப்புறம், நீங்கள் எடுத்து வைத்திருக்கும் ஃபுட்டேஜ், அதாவது பதிவான காட்சிகள், சாட்சியம். யாரோ அதைக் கேட்டு வாங்கலாம், பறிக்கலாம். சட்டத்துக்குப் புறம்பான ஒரு வேலையைச் செய்கிற ஏழையின் முகம் அதில் இருந்தால், நீங்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தில் எடுத்திருந்தாலும் அவர் மேல்தான் வழக்கு விழும். அது இல்லாமலே கதை சொல்ல முடியுமா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் முடியும்.

என்ன கேட்பது

"கஷ்டமா இருக்கா?" என்று கேட்காதீர்கள். என்ன சொல்வார் பாவம், கஷ்டம்தான் என்பார், அழச் சொன்னால் அழுவார். வேலையைப் பற்றிக் கேளுங்கள். நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், அப்புறம், அதற்கு அப்புறம்? இந்த இரும்பும் அந்த இரும்பும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிக்கிறீர்கள்? புதுசாக வருகிறவன் முதலில் செய்யும் தப்பு என்ன? இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த வேலை செய்பவரும் முகம் மலர்ந்து பேச ஆரம்பிப்பார், ஏனென்றால் அந்த இடத்தில் அவர் தேர்ந்தவர், நீங்கள் கற்றுக்குட்டி. ஐம்பது வயது ஆளை "சொல்லுப்பா" என்று கூப்பிடும் பழக்கம் சிலருக்குக் கேமரா கையில் வந்ததுமே வந்துவிடுகிறது. உங்கள் மேனேஜரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே கூப்பிடுங்கள்.

பதில் முடிந்த பிறகும் கேமராவை நிறுத்தாமல் ஐந்து நொடி சும்மா இருங்கள். பலர் நிஜமான விஷயத்தை அந்த ஐந்து நொடியில்தான் சொல்வார்கள்.

எடிட்

கொலம்பியாவில் லூயிஸ் ஓஸ்பினா, கார்லோஸ் மயோலோ என்ற இருவர் 1970களின் பின்பாதியில் ஒரு போலி ஆவணப்படம் எடுத்தார்கள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காக ஏழ்மையைத் துரத்தித் துரத்திப் படமெடுக்கும் ஒரு குழு, பிச்சைக்காரரை இப்படி நில், அப்படித் திரும்பு என்று ஆட்டி வைக்கும் கூத்துதான் கதை. இந்த மாதிரிப் படங்களை 'போர்னோமிசேரியா' என்று அவர்கள் சொன்னார்கள், வறுமையை ஆபாசப் படம் மாதிரி விற்பது. எடிட் டேபிளில் உட்காரும்போது இந்த வார்த்தையை மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்துக்கொண்டால் தப்பில்லை.

நடைமுறையில் என்ன செய்வது என்றால், கலரைப் பிழிந்து எடுத்துப் பச்சையாக்காதீர்கள், அங்கே சிவப்பு பிளாஸ்டிக் குடம் இருந்தால் அது சிவப்பாகவே இருக்கட்டும். இதயத்துடிப்பு இசை வேண்டாம். சிரித்த காட்சிகள், சண்டை போட்டுக்கொண்ட காட்சிகள், சோம்பலாக உட்கார்ந்திருந்த காட்சிகள் இவற்றைத்தான் முதல் வெட்டில் நாம் தூக்கி எறிவோம், "மூட் கெடுது" என்று. அவற்றைத் திரும்பச் சேர்த்து வையுங்கள். வாய்ஸ் ஓவரில் "இந்த நகரத்தின் இருண்ட மறுபக்கம்" என்று ஒரு வரி எழுதியிருப்பீர்கள், எல்லோரும் எழுதுவோம், அழித்துவிடுங்கள். நீங்கள் பேசும் அதே மொழியைத்தான் அவரும் பேசுகிறார், வட்டாரப் பேச்சு கொஞ்சம் கனமாக இருக்கிறது என்பதற்காக அவருக்கு மட்டும் கீழே எழுத்துப் போட்டு, படித்தவருக்குப் போடாமல் விட்டால் அது அவமானம். போட்டால் எல்லோருக்கும் போடுங்கள்.

பின்னணியில் ஓடிய சினிமாப் பாட்டு பெரிய கண்ணி. சார்லஸ் பர்னெட் 1970களில் லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில் எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தில் பயன்படுத்திய பாட்டுகளுக்கு உரிமை வாங்கவில்லை, அதனால் முறைப்படி திரையரங்குக்கு வர 2007 ஆகிவிட்டது. ஏறக்குறைய முப்பது வருடம். ஸ்பாட்டில் ரேடியோ ஓடினால் பணிவாக அணைக்கச் சொல்லுங்கள், அல்லது பேச்சை வேறு இடத்தில் எடுங்கள்.

வெளியிடும் முன்

முதல் காட்சி அவர்களுக்குத்தான். ஒரு சுவர், ஒரு வெள்ளைத் துணி, கடன் வாங்கிய புரொஜெக்டர் போதும். பின்னால் நின்று திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள், எங்கே நெளிகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடங்களைப் பற்றி மறுநாள் தனித்தனியாகப் போய்க் கேளுங்கள், கூட்டத்தில் கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ஒரு தேதி சொல்லி, அதற்குள் யார் வேண்டாம் என்றாலும் நீக்கிவிடுவேன் என்று உறுதி கொடுங்கள், கேட்டால் நீக்கிவிடுங்கள், அது உங்களுடைய மிகச் சிறந்த ஷாட்டாகவே இருக்கும், எப்போதும் அப்படித்தான் அமையும்.

காசு கொடுக்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். பேசுவதற்குக் காசு என்று ஆரம்பித்தால் காசுக்கு ஏற்ற பேச்சு வரும். அதே சமயம் உங்களால் அவருக்கு அரை நாள் கூலி போனால் அதைக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை, கொடுத்தோம் என்று படத்தின் கடைசியில் எழுதிவிடுங்கள். படம் விற்றுப் பணம் வந்தால் என்ன பங்கு என்பதை முதலிலேயே, வராது என்று உங்களுக்குத் தெரிந்தாலும், பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முகப்புப் படமாக அழுகிற முகத்தை வைக்காதீர்கள். படம் வெளிவந்த முதல் வாரம் உங்கள் போன் அவர்களுக்காக ராத்திரியிலும் ஆன் ஆகி இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து, கேமரா இல்லாமல், ஒரு பென்டிரைவில் அவர்களுக்கான காப்பியோடு திரும்பப் போங்கள்.